சீங்கனஹள்ளியில் தீ அணைந்த கதை

தீர்த்தகிரி ஜெயிலிலிருந்து விடுதலையாகி ஊருக்கு வந்த அன்று சாயங்காலம், சீங்கனஹள்ளியில் எரிந்துகொண்டிருந்த அடுப்புகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்துபோயின. காற்று அடிக்கவில்லை, மழையும் பெய்யவில்லை; மழை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. களி கொதித்துக்கொண்டிருந்த பானைகளுக்கு அடியில் தீ ஒருமுறை தலையைக் குனிந்தது, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகிற விருந்தாளி மாதிரி போய்விட்டது. பெண்கள் ஊதுகுழலால் கன்னம் வலிக்க ஊதினார்கள், பக்கத்து வீட்டுக்கு நெருப்பு வாங்க ஓடினார்கள், பக்கத்து வீட்டுக்காரி இவர்கள் வீட்டுக்கு ஓடி வந்துகொண்டிருந்தாள், பாதி வழியில் இடித்துக்கொண்டு நின்று ஒருத்தியை ஒருத்தி திட்டினார்கள். தீப்பெட்டிகளை உரசி உரசிக் குச்சி தீர்ந்ததுதான் மிச்சம். வேடியப்பனின் டீக்கடையில் பாய்லர் ஆறிப்போனது. பீடி பிடிக்கிறவர்கள் பீடியை வெறுமனே வாயில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள்.

இருட்டுகிற நேரத்தில் ஊருக்குக் கடைசியில் இடிந்து கிடந்த ஒரு வீட்டுக் கூரையிலிருந்து மட்டும் புகை வந்தது. அது தீர்த்தகிரியின் வீடு. அவன் ஜெயிலில் இருந்தபோது அவன் அம்மா செத்துப்போய், கூரையில் பாதி சரிந்து, உள்ளே எருக்கு முளைத்திருந்தது. ஊரில் நடந்தது எதுவும் தெரியாமல், அவன் மூன்று கல்லைக் கூட்டி, எருக்கங்கட்டையை வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தான், பற்றிக்கொண்டது, தண்ணீர் வைத்தான். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஊரே நிற்கிறது.

யாரும் வா என்று சொல்லவில்லை. எப்போது வந்தாய் என்றும் கேட்கவில்லை. எல்லோரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வேடியப்பனின் பெண்சாதி கெம்பம்மாள்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கையிலிருந்த ஓட்டுச் சில்லை நீட்டினாள்.

"அண்ணா, ரெண்டு கங்கு போடு. புள்ளைங்க பசியில கத்திகினு கெடக்குது."

அவன் போட்டான். அது அவள் வீடு வரைக்கும் அணையாமல் போனது. அதற்குப் பிறகு சில்லுகள் வரிசையாக நீண்டன. யாருடைய முகத்தையும் பார்க்காமல் அவன் கங்குகளை அள்ளி அள்ளிப் போட்டான், கட்டை தீர்ந்தபோது கூரையிலிருந்து ஒரு மூங்கிலை உருவி ஒடித்துப் போட்டான்.

மறுநாள் ஊர் பலவிதமாகச் சோதித்துப் பார்த்தது. அடுத்த ஊரிலிருந்து எரிகிற பந்தத்தைக் கொண்டுவந்தால் எல்லைக் கல்லைத் தாண்டியதும் அணைந்தது. தீர்த்தகிரியின் கையால் பற்றவைத்தது மட்டும் எரிந்தது, அதுவும் விறகோ எண்ணெயோ தீர்கிறவரை யாராலும் அணைக்க முடியாமல் எரிந்தது. கெம்பம்மாள் வம்புக்கு ஒரு அகல்விளக்கின்மேல் சட்டியைக் கவிழ்த்து, ஓரத்தில் மண்ணும் அணைத்து வைத்தாள். காலையில் திறந்தபோது விளக்கு உள்ளே நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. தாலுக்கா ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார், குச்சியை உரசினார், நாலு பேரிடம் கையெழுத்து வாங்கினார், எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் போய் நின்று ஒரு சிகரெட்டை நன்றாக இழுத்துவிட்டு பஸ் ஏறினார். அத்தோடு சர்க்கார் வேலை முடிந்தது.

ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் நாம் பழகவில்லை? விடிகிறபோது தீர்த்தகிரி வீட்டு வாசலில் சில்லுகளோடு பெண்கள் நிற்பதும், தண்ணீர்க் குழாயடி மாதிரி அங்கே ஊர்க்கதை பேசுவதும், முந்தினவள் பிந்தினவள் சண்டை வருவதும் வழக்கமாகிப் போயிற்று. மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றவும் அவன்தான் போக வேண்டியிருந்தது. பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டை நீட்டுவார். பிணம் விழுந்தால் பிள்ளை குடம் உடைப்பான், சுற்றி வருவான், கொள்ளியை மட்டும் தீர்த்தகிரி பற்றவைத்துக் கொடுக்க வேண்டும். கொலைகாரன் என்று யாரைச் சொன்னார்களோ அவன் கை படாமல் ஊரில் ஒருவர் சாப்பிடவும் முடியாது, சாகவும் முடியாது என்று ஆனது. நெருப்பு வாங்கினார்களே தவிர அவனோடு யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

மாதையன் மட்டும் நெருப்பும் வாங்கவில்லை.

மாதையனின் ஒரே மகன் சாம்ராஜைக் கொன்றதற்காகத்தான் தீர்த்தகிரி ஜெயிலுக்குப் போனான். அது ஊரில் கூலிக்காரர் சங்கம் இருந்த காலம். மலையடிவாரத்துப் புளியந்தோப்பில் தோழர் ஒருவர் வந்து தங்கி, கூலிக்காரப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, நிலம் ஏன் சிலரிடம் இருக்கிறது, உலகத்தில் எங்கெங்கே ஏழைகள் எழுந்தார்கள், எப்படி ஜெயித்தார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். நல்ல மனுஷன். பட்டினியாகக் கிடந்து பாடம் நடத்தினார். அந்த வருஷமும் பஞ்சம்தான். மணியக்காரரின் களத்தில் மட்டும் தானியக்குழி இருந்தது. அந்தப் பக்கத்துப் பெரிய பண்ணைகளில் ராகியைக் கிணறு மாதிரி குழி வெட்டிக் கொட்டி, வாயைக் கல்லால் மூடி மண் பூசிவிடுவார்கள்; எத்தனை வருஷமானாலும் கெடாது. ஆனால் மூடிக் கிடந்த குழிக்குள் இருப்பது செத்த காற்று. அதனால் திறந்ததும் முதலில் ஒரு விளக்கைக் கட்டி இறக்குவார்கள். விளக்கு எரிந்தால் ஆள் இறங்கலாம், அணைந்தால் குழியைத் திறந்துபோட்டுவிட்டு மறுநாள் வரவேண்டும். இது அந்த ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

குழியை உடைத்து ராகியை ஊருக்குப் பங்கு போடுவது என்று சங்கம் முடிவு செய்தது. வெளிச்சம் தெரிந்தால் மணியக்காரரின் ஆட்கள் வந்துவிடுவார்கள், விளக்கு வேண்டாம் என்றார் தோழர். வெளியூர்க்காரர், அவருக்கு விளக்கு எதற்கென்று தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை, தோழர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டார்கள். ஒல்லியாக இருந்த சாம்ராஜ் சிரித்துக்கொண்டே இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். தீர்த்தகிரியும் வேடியப்பனும் கயிற்றைப் பிடித்தார்கள். அவன் பிணமாகத்தான் மேலே வந்தான்.

பிறகு நடந்தது எல்லாம் சீக்கிரம் நடந்தது. தோழரை மலையில் சுட்டுக் கொன்றார்கள். சங்கத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு திக்காக ஓடி, சிலர் பெங்களூரில் மேஸ்திரி ஆனார்கள், ஒருவன் அதே மணியக்காரரின் லாரியை ஓட்டினான். வேடியப்பன் அப்ரூவரானான், டீக்கடை வைத்தான். தீர்த்தகிரி மட்டும் கோர்ட்டில் நின்று, நான்தான் இறக்கினேன் என்றான். மாதையன் கூண்டுக்குக் கீழே வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "எம் மவன் கயித்த இழுத்தானாடா?" போலீஸ்காரர்கள் அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தீர்த்தகிரி பதில் சொல்லவில்லை. பிணம் கிடந்த தானியத்தை மணியக்காரரும் எடுக்கவில்லை, ஊரும் எடுக்கவில்லை. கல்லால் மூடிப் போட்டதோடு சரி. மணியக்காரர் குடும்பம் டவுனுக்குப் போய்விட்டது. களத்தில் வேலிக்காத்தான் முளைத்துக் காடாகிவிட்டது.

மாதையன் ராகி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தான். பச்சைக் கடலையை மென்றான், புளியங்கொழுந்தைத் தின்றான். வயிறு அறுத்துப் பிடுங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போய் வந்தான். ராத்திரியில் விளக்கில்லாமல் கிடந்தான். தினமும் ஊருக்கெல்லாம் நெருப்புக் கொடுத்து முடித்த பிறகு தீர்த்தகிரி ஒரு சில்லில் கங்கை எடுத்துக்கொண்டு அவன் வாசலில் போய் நிற்பான். "மாமா" என்று ஒருமுறை கூப்பிடுவான். கதவு திறக்காது. கங்கு சாம்பலாகிறவரை நின்றுவிட்டுத் திரும்புவான். ஜெயிலில் அவனை அடித்திருக்கிறார்கள், குளிரில் போட்டிருக்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை, இந்தக் கதவுதான் தண்டனை என்று அவனுக்குத் தோன்றியது. ஊரை விட்டுப் போய்விடலாம்தான். போனால் ஊரில் அடுப்பு எரியாது. அதைவிட, அந்தக் கதவு திறக்காமல் அவனுக்குப் போக்கிடம் இல்லை.

ஊருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது கல் குவாரி ஒன்றுதான். அங்கே வெடியின் திரி பற்றவில்லை. தீர்த்தகிரியை வைத்துப் பற்றவைக்கலாம் என்றால், ஜெயிலுக்குப் போனவன் வெடிமருந்தைத் தொடக் கூடாதாம், சட்டம் இருக்கிறதாம். காண்ட்ராக்டர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு மிஷின்களை ஏற்றிக்கொண்டு வேறு மலைக்குப் போய்விட்டான். கூலி நின்றது. ரேஷன் கடையில் அரிசி வந்தால் ஆச்சரியம். வாலிபர்கள் ஊரைவிட்டுப் போனார்கள், கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும் மிஞ்சினார்கள். விடிகாலை வரிசை குறைந்துகொண்டே வந்தது. நெருப்பை வாங்கிக்கொண்டு போய் அதில் எதை வைப்பது? சிலர் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தார்கள், பானை பொங்குகிற சத்தம் கேட்டால் குழந்தைகள் தூங்கிவிடும் என்று. ஒருநாள் கெம்பம்மாளின் சின்ன மகள் சுவரைச் சுரண்டி மண்ணைத் தின்றுகொண்டிருந்தாள். கெம்பம்மாள் அவள் வாயில் விரலைவிட்டு மண்ணைத் தோண்டி எடுத்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக மாதையன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"மாமா, வாய் கூசாம கேக்குறேன். குழியில ராயி கெடக்குது. நீ சொன்னா தொறப்பாங்க. நீ சொல்லாம யாரும் தொடமாட்டாங்க."

மாதையன் வெகுநேரம் குழந்தையின் உதட்டில் ஒட்டியிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தடியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எம் மவன் அதுக்குத்தான எறங்குனான்" என்றான். "வா."

பொழுது உச்சிக்கு ஏறியிருந்தது. வேலிக்காத்தானை வெட்டி வழி செய்து, கடப்பாரையால் கல்லை நெம்பிப் புரட்டினார்கள். குழியின் வாயிலிருந்து பழைய குளிர் மேலே வந்தது. வழக்கப்படி முதலில் விளக்கு. தீர்த்தகிரி விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினான். அது கீழே போய் ராகிமேல் உட்கார்ந்து, ஆடாமல் அசையாமல் எரிந்தது. எரியுது, எரியுது என்று பெண்கள் கும்பிட்டார்கள். வேடியப்பன் சட்டையைக் கழற்றினான்.

"நில்லுடா" என்றான் மாதையன். "அது அவன் பத்தவச்ச வெளக்கு. சட்டியப் போட்டு மூடனாலே எரியுது. அது எங்க உண்மையச் சொல்லும்?"

கும்பிட்ட கைகள் இறங்கின. ஒரு நாள் திறந்து போட்டு வைக்கலாம்தான். ஆனால் மறுநாள் காற்று நல்லதாகிவிட்டதா என்று எந்த விளக்கை விட்டுப் பார்ப்பது? வேறொருவர் கைத் தீ அந்த ஊரில் எரியாது, அவன் கைத் தீ எங்கேயும் அணையாது. ஆள் ஒருவன்தான் இறங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லோரும் நினைத்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லும் முன்பே தீர்த்தகிரி கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பயமாக இருந்தது. அதோடு, வெட்கமில்லாமல் ஒரு நிம்மதியும் இருந்தது.

வேடியப்பன் கயிற்றின் அடுத்த முனையை எடுத்தான். மாதையன் அவனைத் தோளால் தள்ளினான்.

"அன்னிக்கி நீங்க புடிச்சீங்க. இன்னிக்கி நான் புடிக்கிறேன்."

யாரும் தடுக்கவில்லை. தடுக்க யாருக்கு வாய் இருக்கிறது? பச்சை மாவு குடித்து எலும்பாகிப்போன மாதையன் கயிற்றைத் தன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, குழியோரத்துக் கல்லில் காலை ஊன்றிக்கொண்டான். அப்புறம், கோர்ட்டில் கேட்டதை மறுபடியும் கேட்டான்.

"அன்னிக்கி எம் மவன் கயித்த இழுத்தானாடா?"

"இழுத்தான் மாமா" என்றான் தீர்த்தகிரி. "ரெண்டு தரம் இழுத்தான். கயிறு பத்தல, கீழ போகணும்னு கேக்குறான்னு நெனச்சி, நான் இன்னும் உட்டேன். அப்புறம் அவன் இழுக்கல."

அவ்வளவுதான். உலகத்துச் சண்டைகளையெல்லாம் பாடமாகப் படித்தவர்கள், கயிற்றை இழுத்தால் என்ன அர்த்தம் என்று தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளவில்லை. வேடியப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். மாதையனின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீ இழுத்தால் தூக்குவேன் என்றும் அவன் சொல்லவில்லை, தூக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"எறங்கு" என்றான்.

தீர்த்தகிரி இறங்கினான். வெயில் தலைக்குமேலே ஒரு தட்டளவு சுருங்கியது. கால் ராகியில் புதைந்தது. பொய் சொல்கிற விளக்கு பக்கத்தில் எரிந்தது, அந்த வெளிச்சத்தில் அவன் பார்த்தான்: ராகியின் நடுவில் ஒரு ஆள் படுத்த பள்ளம் அப்படியே இருந்தது. தலை வைத்த இடம், தோள், மடங்கின முழங்கால். இத்தனை வருஷத்தில் ஒரு மணிகூடச் சரிந்து அதை மூடவில்லை. தீர்த்தகிரிக்கு அழுகை வந்தது, அழ மூச்சு போதவில்லை. அந்தப் பள்ளத்தைத் தொடாமல், சுற்றிலும் இருந்ததை முறத்தால் வாரி, இன்னொரு கயிற்றில் வந்த கூடையில் கொட்டி அனுப்பினான். கூடை மேலே போகும், பெண்களின் சத்தம் கேட்கும், காலிக் கூடை கீழே வரும், அவன் வாருவான், கூடை போகும், வரும், அவன் வாருவான். மேலே குழந்தைகள் பச்சை ராகியை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிற சத்தமும் அதட்டுகிற சத்தமும் எங்கோ தூரத்து ஊரில் கேட்கிற மாதிரி கேட்டன. பிறகு காது அடைத்தது. முறம் கனத்தது. கால் மடங்கி அவன் அந்தப் பள்ளத்தில் சாய்ந்தான், அது அவனுக்கும் சரியாக இருந்தது.

இழுக்கக் கூடாது என்று இறங்கும்போதே முடிவு செய்திருந்தான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இழுப்பது? இப்படியே கிடந்தால் தீர்ந்தது. ஆனால் உடம்பு யாரைக் கேட்கிறது? அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் கை தானாக எழும்பிக் கயிற்றைப் பிடித்தது, ஒருமுறை இழுத்தது. கயிறு அசையவில்லை. மறுபடியும் இழுத்தது. மேலே கயிற்றை விட்டுவிடுவான், அது தளர்ந்து தன்மேல் வந்து விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டான்.

கயிறு விறைத்தது.

கண் விழித்தபோது வெயில் கண்ணில் குத்தியது. களத்தில் கிடந்தான். மாதையனின் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து ரத்தமாக இருந்தன. யாரையும் கயிற்றைத் தொடவிடவில்லை, ஒற்றை ஆளாக இழுத்தான் என்று பிறகு கெம்பம்மாள் சொன்னாள். அந்தக் கையாலேயே மாதையன் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

"ஏண்டா இவ்ளோ நேரம் இழுக்கல? ஏண்டா இழுக்கல?" என்று கேட்டுக்கொண்டே அறைந்தான், பிறகு குழி வாயில் உட்கார்ந்து மகன் பேரைச் சொல்லி ஓவென்று அழுதான். இத்தனை வருஷத்தில் அவன் அழுது ஊர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த நேரத்தில்தான் குழிக்குள் எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தது. யாரும் கவனிக்கவில்லை. களத்தோரத்தில் ஒரு கிழவர் பழக்கதோஷத்தில் பீடிக்குக் குச்சியைக் கிழித்தார், பற்றிக்கொண்டது, பயந்துபோய்ப் பீடியை விழுங்கப் பார்த்தார்.

குழியைத் திறந்தே போட்டார்கள். மறுநாள் வேடியப்பன் ஏற்றி இறக்கிய விளக்கு உள்ளே எரிந்தது. அவனே இறங்கி மிச்ச ராகியையும் ஏற்றினான். சங்கம் பங்கு போட நினைத்த ராகியை, சங்கம் செத்து எத்தனையோ காலம் கழித்து, ஆள் தலைக்கு இவ்வளவு என்று ஊர் பங்கு போட்டுக்கொண்டது. பால்குடிக்கும் பிள்ளைக்கும் ஒரு தலை. கேட்க மணியக்காரர் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. மாவு அரைக்கும் திரிகல்கள் எல்லா வீட்டிலும் சுற்றின. சாயங்காலம் அவரவர் அடுப்பை அவரவர் பற்றவைத்தார்கள். ஊர்முழுக்கக் கூரைகளின்மேல் புகை எழுந்தது, களி வேகிற வாசனை தெருவில் நிரம்பியது.

தீர்த்தகிரியின் கூரையில் மட்டும் புகை இல்லை. அவன் பங்கு ராகியைக் கெம்பம்மாள் மாவாக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மூன்று கல்லுக்கு முன்னால் குந்திக்கொண்டு அவன் குச்சிகளைக் கிழித்துக்கொண்டிருந்தான். ஒன்றுகூடப் பற்றவில்லை. கட்டை காய்ந்த கட்டை, குச்சி புதுக் குச்சி. தீப்பெட்டி காலியானது. இனி விடியும்போது யாரும் இங்கே வந்து நிற்கப்போவதில்லை என்று அவனுக்குப் புரிந்தது. யாருக்கும் அவன் வேண்டியதில்லை. சட்டியில் தண்ணீரை ஊற்றினான், மாவைக் கொட்டி விரலால் கரைத்தான். பச்சை மாவு எப்படி இருக்கும் என்று மாதையனுக்குத் தெரிந்தது இனி தனக்கும் தெரியட்டும் என்று சட்டியைத் தூக்கினான்.

வாசலில் நிழல் தட்டியது. துணி சுற்றிய கையில் ஓட்டுச் சில்லோடு மாதையன் நின்றிருந்தான். சில்லில் கங்கு சிவப்பாக இருந்தது. அவன் வீட்டு அடுப்பிலிருந்து எடுத்தது.

தீர்த்தகிரி தூக்கிய சட்டியைக் கீழே வைத்தான். கதவில்லாத அந்த வாசலில் மாதையன் கொஞ்ச நேரம் நின்றான்.

"இன்னாடா பாத்துகினே இருக்கிற" என்றான். "வாங்கு. கை சுடுது."